லாரிக்குச் சின்னச் சாமான் தேடும் வழி: அளவெடுப்பதிலிருந்து கடை பிடிப்பது வரை

லாரிக்குப் பெரிய சாமான் கிடைப்பதில் சிரமமில்லை. கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் மாடலைச் சொன்னால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைப்பது பத்துப் பதினைந்து ரூபாய் வாஷரும், ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங்கும், மரை கெட்டுப்போன ஒரு கிரீஸ் அடிக்கும் நிப்பிளும்தான். "தனியா வராதுங்க, முழு செட்டா வாங்கணும்" என்று கவுண்டரில் சொல்வார்கள். பல நேரம் அது அந்தக் கடையில் தனியாக வராது என்பதுதான்.

பேரிங், ஆயில் சீல் (சுழலும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்), ஓ-ரிங், போல்ட், பெல்ட் போன்றவற்றை வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியே வாங்கித்தான் பூட்டுகின்றன. இவற்றில் பெரும்பான்மை ஸ்டாண்டர்ட் அளவுகளில் வருபவை. டாடாவில் இருக்கும் அதே பேரிங் லேலண்டிலும், வீட்டு மோட்டாரிலும் இருக்கலாம். அளவு கையில் இருந்தால் பேரிங் கடை, ஆயில் சீல் கடை, போல்ட் கடை, ஹைட்ராலிக் ஹோஸ் கடை என்று நான்கு கதவு திறக்கும். வண்டிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஒரே கதவுதான்.

கழற்றும்போதே செய்ய வேண்டியது

150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியர், மரை அளக்கும் பிட்ச் கேஜ் (மெட்ரிக் ஒன்று, இன்ச் ஒன்று), காந்தம், ஜிப் பை, மார்க்கர் பேனா. இவ்வளவு போதும். கழற்றுவதற்கு முன்பே ஒரு போட்டோ எடுங்கள். எந்தப் பக்கம் எந்த முகம் இருந்தது, வாஷர் எத்தனை, எந்த வரிசையில் இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. பழைய சாமானை உடைந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். புதிது மாட்டி வண்டி ஓடும்வரை அது பையில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் கடைக்குப் போட்டோ அனுப்புவதானால் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும்; கடைக்காரர் ஊகித்துத்தான் சொல்வார்.

வார்ப்பிலேயே புடைத்து நிற்கிற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது வார்ப்பு எண். ஒரே வார்ப்பைக் கடைந்து பல விதமான சாமான் செய்வார்கள். பார்ட் நம்பர் என்பது பெரும்பாலும் ஸ்டிக்கரிலோ, ரிவெட் அடித்த தகட்டிலோ, குத்திப் பொறித்த எழுத்திலோ இருக்கும். ஏர் பிரேக் வால்வு மாதிரிச் சாமான்களில் வால்வு தயாரித்த கம்பெனியின் தகடுதான் முக்கியம். ரிப்பேர் கிட்டை அந்தத் தகட்டு எண்ணை வைத்துத்தான் கேட்க வேண்டும், வண்டி மாடலை வைத்து அல்ல. ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் வால்வு மாறியிருக்கும்.

ஆயில் சீல்: சீலை அளக்காதீர்கள்

சீலின் முகத்தில் 35 52 7 என்று மூன்று எண் இருந்தால் வேலை முடிந்தது. ஷாஃப்ட் 35, ஹவுசிங் (சீல் உட்காரும் கூடு) துளை 52, அகலம் 7 மி.மீ. எண் தேய்ந்துபோயிருந்தால் பலரும் பழைய சீலின் உள்வட்டத்தை அளந்து சொல்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. சீலின் உதடு ஷாஃப்டைக் கவ்வுவதற்காகவே அதைவிடச் சற்றுச் சின்னதாகச் செய்யப்பட்டது. ஓடி ஓடித் தேய்ந்து, வெந்து விறைத்தும் போயிருக்கும். அந்த அளவு எதற்கும் உதவாது. ஷாஃப்டில் சீல் உட்காராத, தேயாத இடத்தில் வெர்னியரை வையுங்கள். வெளி அளவுக்கு ஹவுசிங் துளையை அளக்க வேண்டும். சீலின் வெளிவட்டம் இறுக்கமாக உட்கார்வதற்காக இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி என்பது மி.மீ.யில் பத்தில் ஒன்று) கூடுதலாக இருக்கும், சீலை அளந்து 52.3 என்று வந்தால் அது 52 சீல்தான்.

அகலம் 8 இருந்த இடத்தில் 7 போடலாம், எண்ணெய்த் துளையை மறைக்காமல், நேராக உட்கார்ந்தால் போதும். 10 இருந்த இடத்தில் 12 போடுவதற்கு முன் பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, டிசி என்று எழுதியிருந்தால் இரண்டு உதடு, எஸ்சி என்றால் ஒரு உதடு. மண்ணும் தண்ணீரும் படுகிற ஹப், பினியன் பக்கத்துக்கு டிசி வேண்டும். ரப்பர் வகையையும் சொல்லிக் கேளுங்கள். சாதாரண நைட்ரைல் 100 டிகிரி சூட்டைத் தாண்டினால் கொஞ்ச நாளில் கட்டையாகிவிடும். கிராங்க் ஷாஃப்ட் பக்கத்துக்கு வைட்டான், அது 200 டிகிரி வரை தாங்கும். விலை பல மடங்கு வரும், ஆனால் கிராங்க் சீலை மாற்ற கியர் பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. "அண்ணே, 35, 52, 7 டிசி, வைட்டான்ல இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் மறு கேள்வி கேட்க மாட்டார்.

புது சீல் போட்டும் ஒழுகுகிறதா? ஷாஃப்டில் பழைய உதடு ஓடிய வளையத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் எந்த சீலும் அங்கே நிற்காது. சீலை ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே உட்காரவைத்துத் தேயாத இடத்தில் உதடு படும்படி செய்யலாம். முடியாவிட்டால் ஷாஃப்டின் மேல் ஏற்றும் மெல்லிய எஃகு ஸ்லீவ் பேரிங் கடைகளில் கிடைக்கும். மாட்டும்போது ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் முதல் சுற்றிலேயே கருகும். சாவிக் காடி உள்ள ஷாஃப்ட் என்றால் காடியின் மேல் டேப் சுற்றி, அதன்மேல் சீலை நழுவவிடுங்கள். இல்லையென்றால் காடி விளிம்பே உதட்டைக் கிழித்துவிடும்.

ஓ-ரிங்கும் செம்பு வாஷரும்

ஓ-ரிங்குக்கு இரண்டு அளவு: உள்விட்டம், கம்பியின் தடிமன். பழைய ஓ-ரிங் நசுங்கித் தட்டையாகியிருக்கும், அதன் தடிமனை நம்ப முடியாது. அது உட்காரும் பள்ளத்தை அளங்கள். அசையாத இடத்தில் ஓ-ரிங் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 2 மி.மீ. என்றால் 2.5 தடிமன். பள்ளத்தின் அகலம் தடிமனைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். தடித்த ரிங்கைத் திணித்தால் மூடி உட்காராது; போல்ட்டை இறுக்க இறுக்க அலுமினிய மூடி விரிசல் விடும்.

அளவைவிட ஆபத்து ரப்பர் வகை. கடையில் கலப்புப் பெட்டியில் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். டீசல், இன்ஜின் ஆயிலுக்கு நைட்ரைல். சூடு அதிகமான இடத்துக்கு வைட்டான். கூலன்டுக்கு இபிடிஎம் என்ற ரப்பர். பிரேக் ஃப்ளூயிடுக்கும் அதேதான். நைட்ரைல் அதில் ஊறி உப்பிவிடும். இபிடிஎம்மை டீசலில் போட்டாலும் அதே கதி. பச்சை நிறமாக இருந்தால் வைட்டான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஏசி ஓ-ரிங்குகளும் பச்சைதான், அவை வேறு ரப்பர். நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அளவு கிடைக்காதபோது ஓ-ரிங் கயிறை வெட்டி, பசை போட்டு ஒட்டித் தருவார்கள். ஏர் கிளீனர் மூடிக்கு அது போதும். டீசல் லைனுக்கும் பிரேக்குக்கும் வேண்டவே வேண்டாம்.

இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷரில் உள், வெளி அளவோடு தடிமனும் பார்க்க வேண்டும். 1.5, 2, 2.5 என்று வரும். தடிமன் மாறினால் நாசில் முனை சிலிண்டருக்குள் நீட்டும் அளவு மாறும், புகை வரும். இன்ஜெக்டரைக் கழற்றிய பிறகு பழைய வாஷர் துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். அது தெரியாமல் புதிதையும் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும். கம்ப்ரஷன் ஒழுகும், காரணம் பிடிபடாது. டார்ச் அடித்து, வாஷர் உட்காரும் சீட் அடியில் தெரிகிறதா என்று பார்த்து, பழைய வாஷர் ஒட்டியிருந்தால் கொக்கிக் கம்பியால் இழுத்து எடுங்கள்.

டீசல் பைப்பை இணைக்கும், நடுவே துளையுள்ள பாஞ்ஜோ போல்ட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வாஷர். புதிது கிடைக்காத இடத்தில் பழையதையே கேஸ் அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மிருதுவாகும். ஒருமுறைக்கு அது தாங்கும். இன்ஜெக்டர் வாஷருக்கு இந்த வேலை கூடாது.

மரை: தலைவலியின் ஊற்று

கிரீஸ் நிப்பிளை எடுத்துக்கொள்வோம். எம் 6, எம் 8, எம் 10 (எண் என்பது மி.மீ.யில் விட்டம்) மூன்றும் 1 மி.மீ. பிட்ச்சில் (மரைக்கு மரை உள்ள தூரம்) வருகின்றன. இவற்றோடு 1/8 இன்ச் பிஎஸ்பி என்ற குழாய் மரையும் உண்டு. எம் 10 நிப்பிளும் 1/8 பிஎஸ்பி நிப்பிளும் பார்ப்பதற்கு ஒன்றே. வெளி அளவு முன்னதற்கு 9.9 அருகில், பின்னதற்கு 9.7. ஒன்றை மற்றதன் துளையில் வைத்தால் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். "நல்லா டைட்டா இருக்கு" என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் துளையின் மரையே போய்விடும். 10 மி.மீ. நீளத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள்: எம் 10 என்றால் 10, பிஎஸ்பி என்றால் 11. நிப்பிள் குட்டையாக இருந்தால் பிட்ச் கேஜை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளியில் வெளிச்சம் கசியாமல் இருக்கிற தகடுதான் சரியான அளவு. ஆயில் பிரஷர் சுவிட்ச், டெம்பரேச்சர் சென்சார் வாங்கும்போதும் இதே சோதனை.

போல்ட் கடையில் "எம் 12 போல்ட்" என்று மட்டும் கேட்டால் 1.75 பிட்ச் பருமரைதான் கொடுப்பார்கள். வண்டியில் பல இடங்களில் இருப்பது 1.5 அல்லது 1.25 சன்னமரை. எம் 10 என்றால் 1.5, 1.25 இரண்டும் ஓடுகின்றன. விட்டம், பிட்ச், நீளம், கிரேடு நான்கையும் சொல்லுங்கள். நீளம் என்பது அறுகோணப் போல்ட்டில் தலைக்குக் கீழே ஆரம்பித்து நுனி வரை. தலை உள்ளே பதிந்து உட்காரும் கவுண்டர்சங்க் திருகில் தலையும் சேர்த்து.

தலையில் 8.8, 10.9, 12.9 என்று குத்தியிருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவை வலிமை மெகாபாஸ்கலில் வரும். எண்ணே இல்லாத போல்ட்டை பம்பர், மட்கார்டு, டூல் பாக்ஸுக்குப் போடுங்கள். பிராப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச், ஸ்டீயரிங், ஸ்பிரிங் யூ-போல்ட், சக்கரம் ஆகிய நான்கு இடத்திலும் கம்பெனி எந்தக் கிரேடு போட்டதோ அதே கிரேடு, நட்டும் அதற்கேற்றது. யூ-போல்ட்டைப் புதிதாகப் போட்டால் லோடு ஏற்றி ஓட்டிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர ஸ்டட் இடக்கை மரையாக இருக்கும், அதை மறந்துவிட்டு வாங்கி வருவதுண்டு. சைலன்சர் பக்கத்தில் நைலான் லாக் நட்டு வேண்டாம், உருகிவிடும். முழு உலோக லாக் நட்டு என்று கேளுங்கள்.

காடியில் உட்காரும் பூட்டு வளையமான சர்க்லிப்பைப் பொறுத்தவரை கிளிப்பை அளக்காமல் ஷாஃப்டையோ துளையையோ அளந்துபோங்கள். ஷாஃப்ட் 25 என்றால் "25 எக்ஸ்டர்னல்" என்பதே அதன் பெயர்.

பேரிங், பெல்ட், ஹோஸ்

பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்துளை: 6204 என்றால் 20 மி.மீ., 32310 என்றால் 50. 00 முதல் 03 வரை மட்டும் விதிவிலக்கு: 10, 12, 15, 17. எனவே 6203-இன் துளை 17, வெளிவட்டம் 40, அகலம் 12. 6303-க்கும் துளை அதே 17தான், ஆனால் வெளிவட்டம் 47, அகலம் 14. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். 2ஆர்எஸ் என்றால் இருபுறம் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் இரும்பு மூடி. சி3 என்றால் உள்ளே இடைவெளி கூடுதல். ஆல்டர்னேட்டர் சூட்டில் பேரிங் விரியும். சி3 இருந்த இடத்தில் சாதாரணம் போட்டால் இறுகிக் கத்தும். டேப்பர் பேரிங்கில் கப்பும் (வெளி வளையம்) கோனும் (உருளைகளோடு உள்ள உள் வளையம்) ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பெல்ட் முதுகில் 6பிகே1230 என்று இருந்தால் 6 வரி, நீளம் 1230 மி.மீ. எழுத்து அழிந்திருந்தால் பழைய பெல்ட்டை அளக்காதீர்கள், அது நீண்டிருக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை நடு நிலையில் வைத்து, பெல்ட் போகும் வழியிலேயே கயிற்றைச் சுற்றி அளங்கள்.

ஹோஸுக்கு உள்விட்டம்தான் கணக்கு. டிரில் பிட்டின் காம்பை உள்ளே நுழைத்துப் பார்ப்பது எளிய வழி. வளைந்து வார்த்த ரேடியேட்டர் ஹோஸுக்குப் பதில் நேர் ஹோஸை வளைத்துப் போட்டால் மடிந்து தண்ணீர் ஓட்டம் தடைபடும்.

பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் ஓடும் லைனுக்குச் செம்பு, பித்தளை, சாதா இரும்பு ஃபிட்டிங் எதுவும் ஆகாது. கரைசல் அவற்றை அரிக்கும், அரித்த உலோகம் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் அல்லது கம்பெனி பிளாஸ்டிக் இணைப்புதான்.

எலக்ட்ரிக்கல்

முதல் கேள்வி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா. சின்ன யானை, தோஸ்த், பிக்-அப் எல்லாம் 12. பெரிய லாரிகள் 24. 24 வோல்ட் ரிலேயை 12-இல் போட்டால் இழுக்காது. 12 வோல்ட் பல்பை 24-இல் போட்டால் உடனே போகும். ரிலேயில் 30, 85, 86, 87 என்ற கால்களின் எண்ணும் இடமும் பொருந்த வேண்டும். உள்ளே டையோடு உள்ள ரிலே என்றால் 85-உம் 86-உம் மாறக் கூடாது. இரட்டை இழைப் பல்பின் ஊசிகள் உயரத்தில் வேறுபட்டிருக்கும், ஒற்றை இழைக்குச் சமமாக இருக்கும். அழுத்தித் திணித்து ஹோல்டரைக் கெடுத்தவர்கள் ஏராளம். பிளேடு ஃபியூஸ் நிறம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 10 அடிக்கடி போகிறது என்று 20 போட்டால் அடுத்து எரிவது வயரிங்.

பிரேக்

ஏர் பிரேக்கின் நைலான் பைப்பை வெளிவிட்டம் வைத்துக் கேட்க வேண்டும்: 6, 8, 10, 12. கத்தியால் நேராக வெட்டுங்கள், ஆக்சா பிளேடு வேண்டாம். தூள் வால்வுக்குள் போகும். பைப்பைக் கவ்வும் வளையமான ஃபெருலோடு, பைப்புக்கு உள்ளே செருகும் பித்தளைக் குழலையும் மறக்காமல் வாங்குங்கள், அது இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது பைப் நசுங்கி, ஒருநாள் கழன்று வரும். மாட்டியபின் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். காற்றால் பிரேக்கைத் தள்ளும் பிரேக் சேம்பரின் டயாஃப்ரமில் (உள்ளே இருக்கும் ரப்பர் தட்டு) 24, 30 என்ற எண் ஏறத்தாழ சதுர அங்குலப் பரப்பு. ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பின்சக்கர ஸ்பிரிங் சேம்பரின் ஸ்பிரிங் பகுதியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அதை முழுதாக மாற்றுங்கள்.

ஹைட்ராலிக் பிரேக் சிலிண்டரின் ரப்பர் கப் இன்ச் கணக்கில் வரும்: 19.05 என்றால் 3/4, 22.22 என்றால் 7/8. மாட்டும்போது டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது, ரப்பர் உப்பி பிரேக் பிடித்துக்கொள்ளும். புது பிரேக் ஃப்ளூயிடிலேயே கழுவுங்கள்.

எங்கே வாங்குவது

சென்னையில் புது சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்கு என்றே பட்டறைகளும் கடைகளும் நிறைய. டீலர் கவுண்டருக்குப் போனால் ஆர்சி நகலும் 17 எழுத்து சேசிஸ் நம்பரும் வேண்டும். எம்ஏடி என்று தொடங்கினால் டாடா, எம்பி1 என்றால் லேலண்ட். நம்பர் மாறிவிட்டது என்று சொன்னால் பழைய எண்ணுக்குப் பதில் வந்த புது எண்ணை கம்ப்யூட்டரில் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், அதை வைத்து வெளியிலும் தேடலாம்.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க டப்பாவை மட்டும் பார்க்காதீர்கள், ஹாலோகிராமும் போலியாக வருகிறது. பழைய சாமானோடு எடையை ஒப்பிடுங்கள், குத்திய எழுத்து சீராக இருக்கிறதா, பேரிங்கைச் சுற்றினால் கரகரக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பில் கொடுக்கத் தயங்கும் கடையில் பிரேக் சாமான் வாங்க வேண்டாம்.

காயலான் கடையில் தைரியமாக வாங்கலாம்: கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், பிராக்கெட், விளக்குக் கூடு. பிரேக் ரப்பர், ஹோஸ், பேரிங், டை ராட் எண்ட், யூ-போல்ட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சென்சார் கனெக்டர் வாங்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கித் தர விடாதீர்கள். ஒரு சாண் வயரோடு அறுத்துத் தரச் சொல்லுங்கள். பிளக்குக்குள் பின்னை மாற்றுவதற்குப் பதில் வயரோடு வயரை இணைத்துவிடலாம். வாங்குவதற்கு முன் பூட்டுக் காது உடையாமல் இருக்கிறதா, உள்ளே ரப்பர் சீல் இருக்கிறதா, பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள்.